500 பில்லியன் ரூபா இருக்கிறது. 7 பேர்ச் காணி எங்கே?

டித்வா புயலுக்குப் பின்னரான மீள்கட்டுமானத்துக்கென 500 பில்லியன் ரூபா குறைநிரப்பு மதிப்பீடு 2025 டிசம்பரில் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. அன்றிலிருந்து நாட்டில் விவாதம் ஓய்ந்தபாடில்லை. 2022இல் வங்குரோத்தான நாடு இவ்வளவு செலவைத் தாங்குமா என்று ஒரு தரப்பு கேட்கிறது. 4.1 பில்லியன் டொலர் நேரடிச் சேதம், அதாவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4 சதவீதம் என்று உலக வங்கி மதிப்பிட்டிருக்கும்போது இது எப்படிப் போதும் என்று மறு தரப்பு கேட்கிறது.

இரண்டும் நியாயமான கேள்விகள்தாம். ஆனால் பதுளையில் இருந்துகொண்டு இந்த விவாதத்தைக் கவனிக்கும் எனக்கு, மூன்றாவது ஒரு கேள்வி கேட்கப்படவேயில்லை என்று தோன்றுகிறது. கண்டிக்கு அடுத்ததாக அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டங்களில் ஒன்று எமது மாவட்டம். ஏறத்தாழ 90 பேரை இழந்தோம். அவர்களைக் கொன்றது பெரும்பாலும் மண்சரிவு. வெள்ளம் வடிந்தால் வீட்டுக்குத் திரும்பலாம். சரிந்த மலைக்குத் திரும்ப முடியாது. ஆகவே இங்கே மீள்கட்டுமானம் என்பது முதலில் காணிப் பிரச்சினை. பணப் பிரச்சினை அதற்குப் பிறகுதான்.

அரசாங்கம் அறிவித்த திட்டத்தைப் பாருங்கள். முழுமையாக அழிந்த வீட்டுக்கு 50 இலட்சம் ரூபா வரை உண்டு. பாதுகாப்பான காணி இல்லாதவர்களுக்குக் காணி வாங்கவும் தனியாக உதவி உண்டு. இலங்கை வரலாற்றில் இது தாராளமான தொகை என்பதில் சந்தேகமில்லை. பதுளை நகரில் வீட்டை இழந்த ஒரு வியாபாரிக்கோ வெலிமடையில் வீட்டை இழந்த ஒரு விவசாயிக்கோ இது நிச்சயம் பயன்படும். அவரிடம் உறுதிப் பத்திரம் இருக்கிறது. விற்பதற்கு ஆளிருந்தால் வேறிடத்தில் காணி வாங்கவும் முடியும்.

ஹல்துமுல்லையில் அல்லது பசறையில் லயன் அறையில் வாழும் தொழிலாளிக்கு நிலைமை வேறு. அவர் தூங்கும் அறை அவருடையதல்ல. அறைக்கு முன்னால் மரக்கறி நட்ட துண்டு நிலமும் அவருடையதல்ல. கண்ணுக்கெட்டிய தூரம் வரை உள்ள காணி அரசுடையது. 1992இல் தோட்டங்களின் முகாமைத்துவம் தனியாருக்குக் கொடுக்கப்பட்ட பின்னர் அது பெருந்தோட்டக் கம்பனிகளின் குத்தகையில் இருக்கிறது. பெரும்பாலான குத்தகைகள் 2045 வரை நீளும். ஒருவரும் விற்க முடியாத இடத்தில் காணி வாங்கப் பணம் கொடுத்து என்ன பயன்? அவர் கையில் 50 இலட்சம் இருந்தாலும் அதே மலையடிவாரத்தில்தான் படுக்க வேண்டும்.

இது புதிய அனுபவமுமல்ல. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் லயன்கள் மண்ணுக்குள் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, ஆனால் மக்களை நகர்த்த காணி ஒதுக்கப்படவில்லை. பலரது உடல்கள் இன்றுவரை கிடைக்கவில்லை. பிழைத்தவர்களுக்காகப் பூனாகலைப் பகுதியில் கட்டிய 75 வீடுகள் கைக்கு வர இரண்டு வருடங்கள் சென்றன. 2023 மார்ச்சில் அதே பூனாகலையின் கபரகலை தோட்டத்தில் மீண்டும் மண் சரிந்தது. இடம்பெயர்ந்த குடும்பங்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் தங்க வைக்கப்பட்டன. ஒரே பிரதேச செயலகப் பிரிவில், ஒன்பது வருட இடைவெளிக்குள் இரண்டு முறை.

இனி ஒரு சிறு கணக்கு. 100 குடும்பங்களுக்குத் தலா 7 பேர்ச் என்றால் 700 பேர்ச். ஓர் ஏக்கர் 160 பேர்ச் என்பதால் அது நாலரை ஏக்கருக்கும் குறைவு. பாதை, வடிகால், சிறுவர் நிலையம் எல்லாம் சேர்த்தாலும் பத்து ஏக்கரைத் தாண்டாது. ஒரு வீட்டுக்கு 50 இலட்சம் என்றால் 100 வீடுகளுக்கு 50 கோடி ரூபா. 500 பில்லியனில் அது ஆயிரத்தில் ஒரு பங்கு. எனவே தோட்ட மக்களைப் பாதுகாப்பான இடத்தில் குடியமர்த்த நாட்டிடம் பணமில்லை என்ற வாதம் நிற்காது.

கம்பனிகளுக்கு வேலை செய்பவர்களுக்கு மக்களின் வரிப்பணத்தில் ஏன் வீடு என்றும் கேட்கிறார்கள். 2026 வரவு செலவுத் திட்டத்தில் தோட்டத் தொழிலாளரின் நாளாந்த வருகைக் கொடுப்பனவாக 200 ரூபாவை அரசு ஏற்றபோதும் இதே கேள்வி எழுந்தது. கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதற்கான பதில் கம்பனியிடமிருந்து காணியைப் பெறுவதுதான், தொழிலாளியைக் கைவிடுவதல்ல. காணியின் சொந்தக்காரர் அரசு. குத்தகைக்காரரிடமிருந்து பயிரிடப்படாத, ஆய்வில் பாதுகாப்பானது எனத் தெரிந்த பத்து ஏக்கரை விடுவித்து, கணவன் மனைவி இருவர் பெயரிலும் உறுதி எழுதிக் கொடுப்பது அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது.

வடக்கு கிழக்கில் குடியேறலாம் என்ற யோசனையும் டிசம்பரில் பேசப்பட்டது. மனோ கணேசன் அதை எழுப்ப, சுமந்திரன் வரவேற்றார். விரும்பியவர்கள் போகட்டும். ஆனால் கொழுந்து பறிப்பதையே தொழிலாகக் கொண்ட குடும்பத்துக்கு நூற்றைம்பது மைலுக்கு அப்பால் வீடு கொடுத்தால் அவர்கள் பிழைப்பதற்கு வழி என்ன? இந்தோனேசியாவின் மெராபி எரிமலை 2010இல் வெடித்து 350க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அங்கே அரசு வேறொரு வழியைத் தேர்ந்தது. மக்கள் குழுக்களிடமே நிதியைக் கொடுத்து, பாதுகாப்பான இடத்தில் சிறிய வீடுகளை அவர்களையே கட்ட வைத்தது. குடியிருப்பு கீழே இறங்கியது. மலையிலிருந்த விவசாயம் பலருக்குத் தொடர்ந்தது. வீட்டையும் பிழைப்பையும் பிரிக்காத மீள்குடியேற்றம்தான் நிலைக்கும்.

இதெல்லாம் தோட்டத் தமிழரின் பிரச்சினை, எமக்கென்ன என்று எமது வாசகர்களில் சிலர் நினைக்கலாம். அக்கரைப்பற்று நுரைச்சோலையை நாம் மறந்துவிட முடியாது. சுனாமியில் வீடிழந்தவர்களுக்காக சவூதி அரேபியாவின் நிதியில் 500 வீடுகள் கட்டப்பட்டன. பணம் வந்தது, வீடும் எழும்பியது. காணி யாருக்கு, பயனாளி யார் என்ற தகராறு நீதிமன்றம் வரை சென்றது. பத்து வருடங்களுக்கும் மேலாக அந்த வீடுகள் ஆளில்லாமல் பாழடைந்தன. பயனாளியையும் காணியையும் முதலில் தீர்க்காத நிவாரணம் எங்கே போய் முடியும் என்பதை எமது சமூகம் தன் அனுபவத்தில் அறிந்திருக்கிறது. தவிர, பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளை நகரங்களில் எமது கடைகள் தோட்டத்துச் சம்பள நாளை நம்பியே நடக்கின்றன.

புயல் நாட்களில் பள்ளிவாசல்கள் சமைத்த உணவு எந்த இனத்தாரின் பசியையும் வேறுபடுத்திப் பார்க்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ். ஆனால் உணவுப் பொதியின் காலம் முடிந்துவிட்டது. இனித் தேவைப்படுவது படிவங்களும் கணக்குகளும். ஊவாவில் எம்மில் பலருக்குத் தமிழும் சிங்களமும் சரளம். பள்ளிவாசல் நிர்வாகங்கள் வாரத்தில் ஒரு நாள் விண்ணப்பங்களை நிரப்பவும் மேன்முறையீடு எழுதவும் ஒரு மேசையைப் போட்டுக் கொடுத்தால், அது பல இலட்ச ரூபா உதவிக்குச் சமம்.

அரசாங்கத்திடம் கேட்க வேண்டியவை மூன்று. ஒவ்வொரு கிராம உத்தியோகத்தர் பிரிவிலும் தோட்டத்திலும் யாருக்கு எவ்வளவு வழங்கப்பட்டது என்ற பட்டியலைத் தமிழிலும் வெளியிட வேண்டும். பொதுப்பணம் அமானிதம், அதன் கணக்கைக் கேட்பது அரசியல் எதிர்ப்பாகாது. இரண்டாவது, நிதி ஒதுக்கீட்டோடு காணி விடுவிப்புக்கும் தோட்டம் தோட்டமாகத் திகதி குறிக்க வேண்டும். மூன்றாவது, அந்தத் திகதி ஒக்டோபருக்கு முன்னர் இருக்க வேண்டும். திறைசேரியின் வருடம் டிசம்பர் 31இல் முடிகிறது. ஊவாவின் மழை அதுவரை காத்திருப்பதில்லை. மீரியபெத்த ஒக்டோபரில் சரிந்தது, டித்வா நவம்பரில் வந்தது. அடுத்த ஒக்டோபருக்குள் எத்தனை குடும்பங்கள் உறுதிப் பத்திரத்தோடு மலையிலிருந்து இறங்கியிருக்கும் என்ற எண்ணிக்கைதான், 500 பில்லியன் ரூபா சரியாகச் செலவானதா என்பதற்கு ஊவாவின் அளவுகோல்.