மாரிக்கு முன் முன்சில்லைத் திருப்பிப் பாருங்கள்



மாரி வரப் போகிறது. வட்டைக்குப் போகும் போடிமாரும், வெள்ளத்தில் சாப்பாட்டுப் பார்சல் கொண்டு போகும் நமது இளைஞர்களும் நம்பியிருப்பது ஊரில் ஓடும் பழைய டபுள் கெப்களைத்தான். "போர் வீல் வண்டிதானே, போகலாம்" என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். அந்தப் போர் வீல் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பார்ப்பவர்கள் மிகக் குறைவு.

பழைய ஹைலக்ஸ் போன்ற பல கெப்களில் முன்சில்லின் நடுவில் வட்டமான ஒரு திருகு இருக்கும். அதுதான் ஹப் லொக். அது 'ப்ரீ'யில் இருந்தால் சில்லு தன்பாட்டில் சுற்றும். உள்ளே இருக்கும் எக்ஸலோடு அதற்குத் தொடர்பு இல்லை. 'லொக்'கில் போட்டால்தான் இரண்டும் சேரும். ஆகவே, ஹப் ப்ரீயில் இருக்கும்போது உள்ளே லீவரை 4எச்சில் போட்டாலும் முன்சில்லுக்கு இழுவை போகாது. ஆனால் டேஷ்போர்ட்டில் லைட் எரியும். லீவர் எங்கே இருக்கிறது என்பதைத்தான் அந்த லைட் சொல்கிறது. சில்லு சேர்ந்துவிட்டது என்று சொல்லவில்லை.

ஒரு பக்கம் மட்டும் லொக் விழுந்து மறுபக்கம் விழாவிட்டாலும் கதை அதேதான். டிபரன்ஷல் சுழற்சியை லேசாகச் சுற்றும் பக்கத்துக்கே அனுப்பிவிடும். சேற்றில் நிற்கும் முன்சில்லு அசையாது.

சோதிப்பது சுலபம். சமதரையில் வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்து, லீவரை 2எச்சில் வைத்து, பின்சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். ஒரு முன்சில்லை ஜக் அடித்துத் தூக்குங்கள். ஹப்பை லொக்கில் போட்டு, சில்லைக் கையால் சுற்றினால் பின்னால் உள்ள எக்ஸலும் கூடவே சுற்ற வேண்டும். ப்ரீயில் போட்டால் சில்லு மட்டும் சுற்ற வேண்டும். மற்றப் பக்கமும் இப்படியே. எக்ஸல் சுற்றவில்லை என்றால் உள்ளே சேறு போயிருக்கும், அல்லது பழைய கிரீஸ் இறுகியிருக்கும். கழற்றிக் கழுவி, மெல்லிய பூச்சாக மட்டும் கிரீஸ் போடச் சொல்லுங்கள். அள்ளி அப்பினால் உள்ளே இருக்கும் துண்டுகள் நகராமல் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமும் கஸ்கட்டும் பழுதானால் மாற்றிவிடுங்கள். திருகு இறுகிவிட்டது என்று குறட்டால் முறுக்காதீர்கள், உடைந்துவிடும். வண்டியைக் கொஞ்சம் முன்னும் பின்னும் நகர்த்திவிட்டுக் கையால் திருப்பினால் பெரும்பாலும் விழும்.

ஓட்டோ ஹப் உள்ள வண்டிகளில் வெளியே திருப்ப ஒன்றும் இல்லை. 2எச்சுக்கு மாறிய பிறகு வண்டியை நேராக ஓரிரு மீற்றர் பின்னால் எடுத்தால்தான் அது விடுபடும். அப்படிச் செய்யாமல் ஓடிவிட்டு, முன்னால் 'டக் டக்' சத்தம் என்று கராஜுக்கு ஓடுவோரும் உண்டு.

"லொக்கில் விட்டால் டீசல் குடிக்கும்" என்று சிலர் மாரி முழுக்க ப்ரீயிலேயே ஓடுகிறார்கள். நமது கருத்து வேறு. ஹப் லொக்கில், லீவர் 2எச்சில் இருந்தால் தார் ரோட்டில் ஓடுவதால் கேடு இல்லை. டீசல் சற்றுக் கூடலாம், அவ்வளவுதான். சேறு வந்ததும் இறங்காமலே லீவரை மாற்றலாம். முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று ஹப்பைத் தேடுவதைவிட அந்தக் கொஞ்ச டீசல் மலிவு. காய்ந்த தார் ரோட்டில் 4எச்சில் ஓடுவதுதான் கூடாது. வளைவில் ஸ்டியரிங் இறுகும், கியர்கள் தேயும்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் ஒன்றை மறக்கக் கூடாது. போர் வீல் சேற்றுக்கும் மணலுக்கும் உரியது, ஓடும் வெள்ளத்துக்கு அல்ல. டயர் தரையைத் தொட்டு நின்றால்தான் இழுவை. 30 சென்ரிமீற்றர் தண்ணீரே சிறிய காரை மிதக்க வைக்கும். 60 சென்ரிமீற்றர் ஓடும் தண்ணீர் கெப்பையும் அடித்துக்கொண்டு போகும். 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரத்தோடு நமது மத்ரஸாப் பிள்ளைகளை வெள்ளம் கொண்டு போனதை நாம் யாரும் மறக்கவில்லை. பெரிய சில்லும் பாரமும் அன்று காப்பாற்றவில்லை.

ஆகவே நாம் கேட்பது இரண்டு. ஒன்று, நிவாரண வேலைக்குப் போகும் கெப்களை மாரிக்கு முன்பே ஒரு நாள் பள்ளிவாசல் முன்றலுக்கு அழைத்து, ஊர் மெக்கானிக் ஒருவரை வைத்து ஹப்பைச் சோதிக்க வேண்டும். தேறாத வண்டி பட்டியலில் வேண்டாம். இரண்டு, தாம்போதிக்கு மேலால் தண்ணீர் பாய்ந்தால் போவதா இல்லையா என்ற முடிவை வாகனம் ஓட்டும் பிள்ளையின் தலையில் போடக் கூடாது. "போக வேண்டாம்" என்று நிர்வாகம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். பின்னால் நின்று பத்துப் பேர் உசுப்பேற்றும்போது இருபது வயதுப் பையனால் மறுக்க முடியாது.

ஒட்டகத்தைக் கட்டிய பிறகுதான் தவக்குல் என்று கற்றவர்கள் நாம். கெப் வைத்திருப்பவர்களுக்கு இதை எத்திவையுங்கள். அல்லாஹ் இந்த மாரியில் நமது ஊர்களையும் பிள்ளைகளையும் பாதுகாப்பானாக. ஆமீன்.