கூட்டத்தில் இருப்பாள் என்று எண்ணினோம்



கோடை விடுமுறை வந்துவிட்டது. விடுமுறை வேதாகமப் பள்ளி முடிந்ததும் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது என்னும் பேச்சு நம் வீடுகளில் எழுந்திருக்கும். சுருளியும் கும்பக்கரையும் மேகமலையும் தேக்கடியும் நமக்கு அருகிலேயே இருக்கின்றன. வேனுக்குச் சொல்லிவிட்டுப் புளியோதரையைக் கட்டத் தொடங்குமுன் ஒரு காரியத்தை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். இது உபதேசமாக மட்டுமன்றி, என் சொந்தக் குற்றத்தின் அறிக்கையாகவும் இருக்கட்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதத்தில் என் குடும்பமும் என் தங்கையின் குடும்பமும் சேர்ந்து சுருளிக்குச் சென்றோம். பெரியவர்கள் எட்டுப் பேர், பிள்ளைகள் ஐந்து பேர். ராயப்பன்பட்டியிலிருந்து புறப்படுமுன் வேனைச் சுற்றி நின்று ஜெபித்தோம். காமயகவுண்டன்பட்டி வழியாகத் திராட்சைத் தோட்டங்களைக் கடந்து பாட்டுப் பாடிக்கொண்டே போனோம்.

பிற்பகலில் வனக்காவலர் ஒருவர் விசில் ஊதி, எல்லாரும் நீரைவிட்டு வெளியேறும்படி சொன்னார். நாங்கள் நின்ற இடத்தில் வெயில் அடித்தது. "அண்ணே, இன்னும் பத்து நிமிடம்" என்று நான் கேட்டேன். அவர் மேலே மலையைக் காட்டினார். மேகமலையின் உச்சியில் கருமேகம் கவிந்திருந்தது. அங்கே பெய்யும் மழை கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பாறைகளுக்கிடையே ஒடுங்கி வரும் நீர் சில நிமிடங்களில் பெருகிவிடும். நான் முகம் சுளித்தபடி கரையேறினேன். ஈரத்துணிகளையும் பாத்திரங்களையும் அவசரமாகச் சேர்த்துக்கொண்டு படியிறங்கும்போதுதான், நான்கு வயதுடைய எங்கள் இளைய மகள் எங்களோடு இல்லை என்பதை அறிந்தோம்.

நான் அவள் தாயோடு இருப்பதாக எண்ணினேன். தாய், அவள் அத்தையோடு இருப்பதாக எண்ணினாள். அத்தையோ, அவள் என் தோளில் இருப்பதாக எண்ணினாள். எட்டுப் பெரியவர்கள் இருந்தோம். ஆகையால் ஒருவர்கூடப் பார்க்கவில்லை.

இருபத்தைந்து நிமிடம் தேடினோம். அந்த இருபத்தைந்து நிமிடத்தையும் நான் இங்கே விவரிக்கப்போவதில்லை. பிள்ளையைப் பெற்றவர்களுக்கு அது விளங்கும். வழியில் மாங்காய் விற்றுக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி, அழுதுகொண்டு தனியே வந்த பிள்ளையைத் தம் அருகில் உட்காரவைத்து, கையைப் பிடித்தபடியே இருந்தார். "தேடிக்கிட்டு வருவாகன்னு தெரியும். அதான் எடம் விட்டு நகரலை" என்றார். அவருடைய பெயரைக்கூடக் கேளாமல் வந்துவிட்டேன்.

அன்று இரவு வீட்டில் நான் செய்தது என்ன தெரியுமா? என் மனைவியை நோக்கி, "பிள்ளையைப் பார்க்காமல் என்ன செய்துகொண்டிருந்தாய்?" என்று கேட்டேன். பத்து நிமிடத்துக்காகக் காவலரோடு வாதாடிக்கொண்டிருந்தவன் நான். ஆனாலும் கேள்வி அவள்மேல் விழுந்தது. நம் குடும்பங்களில் அது எப்பொழுதும் தாயின்மேல்தான் விழுகிறது.

அடுத்த ஞாயிறு ஆராதனையில் இதைச் சாட்சியாகச் சொன்னேன். "ஜெபித்துவிட்டுப் போனோம், கர்த்தர் காத்தார்" என்றேன். சபை அல்லேலூயா என்று துதித்தது. ஆராதனை முடிந்தபின், பல ஆண்டுகளுக்குமுன் தம் மகனைத் தண்ணீருக்குப் பறிகொடுத்த ஒரு தாய் என்னிடம் வந்தார். அவர் குரலில் கோபம் இல்லை. "ஐயா, நானும் அன்னைக்கு ஜெபம் பண்ணித்தான் அனுப்பினேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பிரியமானவர்களே, அந்த ஒரு வாக்கியத்துக்கு என்னிடம் விடை இல்லை. ஆனால் அது என் பிரசங்கத்தைத் திருத்தியது.

2004 டிசம்பர் 26-ஐ நினைத்துப் பாருங்கள். கிறிஸ்து பிறப்புப் பெருநாளுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணியில் கடல் கொண்டுபோனவர்களுள் பலர், ஜெபிப்பதற்கென்றே குடும்பத்தோடு வந்த யாத்திரிகர். நம் மாவட்டத்திலேயே, 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீ மூண்டது. விடுமுறை நாளில் மலையேறச் சென்றவர்களுள் இருபதுக்கும் மேற்பட்டோர் அதனால் மாண்டார்கள். அந்தக் கூட்டத்தில் சிறுவர்களும் இருந்தனர். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரெனப் பெருகிய வெள்ளம், உறவினரோடு வந்திருந்த 17 வயது மாணவனை அடித்துச் சென்றது. இவர்கள் வீடுகளில் ஜெபம் இல்லை என்று சொல்ல நம்மில் எவருக்கு அதிகாரம் உண்டு?

நம் ஆண்டவரிடமே இக்கேள்வி வந்ததுண்டு. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் மாண்டபோது, அவர்கள் மற்றவர்களைவிடக் கொடிய பாவிகள் என்னும் எண்ணத்தை அவர் மறுத்தார் (லூக்கா 13). ஆகவே, பிள்ளையை இழந்த வீட்டுக்குச் சென்று "ஏதோ காரணம் இருக்கும்" என்று சொல்லாதிருங்கள். நம் பிள்ளை தப்பியதைத் துதிக்கும்போதும், தப்பாத பிள்ளையின் தாய் அதே பாயில் அமர்ந்திருக்கிறாள் என்பதை மறவாதிருங்கள். நன்றி சொல்வது நம் கடமை. அந்த நன்றியை நம் பக்திக்குக் கிடைத்த கூலியாக்கிக்கொள்வது பாவம்.

அப்படியானால் ஜெபிப்பது வீணோ? வீணன்று. ஆனால் நாம் செய்யவேண்டியதைச் செய்யாதிருப்பதற்கு ஜெபம் ஒரு சாக்காகிவிடக்கூடாது. புது வீடு கட்டுகிறவன் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் எழுப்பவேண்டும், இல்லையேல் அங்கிருந்து விழுகிறவனின் இரத்தப்பழி அவ்வீட்டின்மேல் வரும் என்று உபாகமம் 22-ஆம் அதிகாரம் கற்பிக்கிறது. கைப்பிடிச்சுவரையும் கட்டளையாகக் கொடுத்தவர் தேவனே. அருவிக்கரையில் கட்டிய கயிறும் வனத்துறையின் அறிவிப்புப் பலகையும் காவலரின் விசிலும் அவ்விதச் சுவர்களே. அவற்றைத் தாண்டிச் சென்று "கர்த்தர் காப்பார்" என்பது விசுவாசம் ஆகாது. தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கும்படி சோதனைக்காரன் சொன்னபோது நம் ஆண்டவர் குதிக்கவில்லை.

லூக்கா 2-ஆம் அதிகாரத்தையும் வாசியுங்கள். பஸ்கா பண்டிகைக்கு உறவினரோடும் அறிமுகமானவரோடும் எருசலேமுக்குச் சென்று திரும்பிய குடும்பம் அது. பன்னிரண்டு வயது மகன் கூட்டத்தில் எங்கேனும் இருப்பான் என்று எண்ணி, யோசேப்பும் மரியாளும் ஒரு நாள் தூரம் நடந்துவிட்டார்கள். மூன்று நாளைக்குப் பின்பே அவரைக் கண்டார்கள். தேவனுடைய குமாரனை வளர்க்கத் தெரிந்துகொள்ளப்பட்ட பெற்றோருக்கே இது நேர்ந்தது! ஆகையால் தவறிய பெற்றோரைப் பழிக்க நமக்கு உரிமை இல்லை. அதே வேளையில், கூட்டம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளாது என்பதும் அங்கே எழுதப்பட்டிருக்கிறது. மரியாள் கண்டடைந்தபோது, யோசேப்பும் தானும் வேதனையோடு தேடியதாகச் சொன்னாள். இருவரும் சேர்ந்து தேடினார்கள். ஒருவர்மேல் ஒருவர் குற்றம் சுமத்தியதாக அங்கே எழுதப்படவில்லை. அன்றிரவு என் வீட்டில் நான் செய்யத் தவறியது அதுவே.

இந்த ஆண்டு நம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் சுற்றுலாவுக்கு நான் கேட்டுக்கொள்வது இதுவே. ஒவ்வொரு சிறுபிள்ளைக்கும் பொறுப்பான ஒரே ஒரு பெரியவரின் பெயர் தாளில் எழுதப்படட்டும். அவர் குளிக்கச் செல்லும்போது, "இப்பொழுது பிள்ளை உங்களிடம்" என்று வாயால் சொல்லி இன்னொருவரிடம் ஒப்படைக்கட்டும். வேனில் ஏறும்போதும் இறங்கும்போதும் எண்ணிப் பாருங்கள். வழி தவறினால் அலையாமல் நின்ற இடத்திலேயே நிற்கப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். தெளிந்த நீர் கலங்கினாலும், இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலும், இரைச்சல் மாறினாலும் விசிலுக்குக் காத்திராமல் கரையேறுங்கள். விசில் ஊதினால் பத்து நிமிடம் கேளாதிருங்கள்.

அந்த மூதாட்டியைப்போல, யாருடைய பிள்ளை என்று பாராமல் கையைப் பிடித்துக்கொள்ளும் மனதையும் கேட்டு வாங்குங்கள். அதன்பின் வேனைச் சுற்றி நின்று ஜெபியுங்கள்.

அன்பின் பிதாவே, எங்கள் பிள்ளைகளை எங்கள் கையில் ஒப்புவித்திருக்கிறீர். கூட்டத்தை நம்பிக் கையை விட்ட எங்களை மன்னியும். வெறுங்கையோடு வீடு திரும்பிய பெற்றோரைத் தேற்றும். அவர்களைக் காயப்படுத்தும் சொற்கள் எங்கள் வாயிலிருந்து புறப்படாதபடி காத்தருளும். ஆமென்.