பம்பைப் பழிக்குமுன்

மோட்டார் வண்டியை வைத்திருப்போருக்கு ஒரு சொல். காலையில் வண்டியைக் கிளப்பியதும் முன்பலகையில் மஞ்சள் விளக்கு எரிகிறது. பழுதறியும் கருவி 'பி0410' என்ற குறியீட்டைக் காட்டுகிறது. உடனே, "காற்றுப் பம்பு போய்விட்டது, புதிது வாங்குங்கள்" என்று தீர்ப்பு வழங்கப்படுகிறது. பணம் செலவழிந்த பின்னரும் விளக்கு மீண்டும் எரிந்தால் யாரை நோவது? அக்குறியீடு அத்தொகுதியில் எங்கோ குறையுண்டு என்று கூறுகிறதேயன்றி, பம்பே பழுது என்று கூறவில்லை.

இப்பம்பின் தொழில் யாது? குளிர்ந்த எஞ்சினுக்கு எரிபொருள் சற்று மிகுதியாகச் செல்லும். அதில் ஒரு பகுதி எரியாமலே வெளியேறும். அப்பொழுது இம்மின்பம்பு ஓரிரு நிமிடம் புதுக் காற்றைப் புகைவழியினுள் ஊதுகிறது. எஞ்சிய எரிபொருள் அங்கே எரிந்துவிடுகிறது. புகையின் நச்சை நீக்கும் ஊக்கிமாற்றியும் விரைவில் சூடேறுகிறது.

ஆகையால், எஞ்சின் நன்கு குளிர்ந்திருக்கும்போதே சோதிக்கவேண்டும். கிளப்பியதும் ஊதும் ஒலி கேட்டால் பம்பு ஓடுகிறது. குழாய்களையும் வால்வையும் ஆராய்க. கேளாவிடின் முதலில் உருகியையும், அடுத்து றிலேயையும், பின்னர் பம்பிற்கு வரும் கம்பிகளையும் பார்க்க.

இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். கம்பியைப் பம்பிலிருந்து கழற்றிவிட்டு அளந்தால் வோல்ற்றுமானி 12 வோல்ற்று காட்டக்கூடும். ஆனால் மானி எடுப்பது மிகச் சொற்பமான மின்னோட்டம். பம்பு எடுப்பதோ பல அம்பியர். களிம்பேறிய இணைப்பு சொற்பத்தைக் கடத்தும், பெருமளவைக் கடத்தாது. எனவே கம்பிகளை மாட்டியபடியே, பம்பு ஓடவேண்டிய அந்த நேரத்தில், அதன் இரு முனைகளுக்கிடையே அளக்கவேண்டும். பற்றரியின் அளவுக்குக் கிட்டிய வோல்ற்று இருந்தும் பம்பு ஓடாவிடின் பழுது பம்பிலேயே. மிகக் குறைந்திருந்தால், புதுப் பம்பு வாங்குமுன் கம்பி, றிலே, வண்டியின் உடலோடு சேரும் எர்த் இணைப்பு ஆகியவற்றைத் தேடுக.

உருகி திரும்பத் திரும்ப எரிந்தால், பம்பு இறுகியிருக்கலாம். அல்லது கம்பி எங்கேனும் உராய்ந்து உடலைத் தொடலாம். பெரிய உருகியைப் போட்டுச் சமாளிக்க ஒருபோதும் முயலாதீர்கள்: உருகிக்குப் பதிலாகக் கம்பி எரியும், வண்டியே தீப்பற்றவுங்கூடும்.

பம்பு இறுகியதெனில் அதன் காரணத்தையும் அறிக. மூடாத வால்வின் வழியே புகையிலுள்ள நீராவி பின்னோக்கி வந்து, பம்பினுள் நீராகித் துருவேற்றுவதுண்டு. அவ்வால்வை மாற்றாவிடின் புதுப் பம்பிற்கும் அதே கதிதான்.

அடுத்த முறை பம்பை மாற்றச் சொன்னால், "கம்பியை மாட்டியபடி அளந்தீர்களா?" என்று கேளுங்கள். அவ்வொரு கேள்வி ஒரு பம்பின் விலையை மீதப்படுத்தக்கூடும்.