முகம் வரையப் படிக்க எங்கே போவது?

பென்சிலில் ஆள் முகம் வரையப் பழகுகிறேன் என்று எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தில் தெரிந்ததிலிருந்து அடையாள அட்டைகள் வந்தபடி இருக்கின்றன. "தம்பி, எங்க அப்பா படம் இது ஒண்ணுதான் இருக்கு. பெருசா வரைஞ்சு தாங்க, சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டணும்" என்கிறார்கள். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

ஆனால் அந்தப் படத்திலிருந்து ஒரு முகத்தை எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று யாரிடம் சொல்வது? படமே கட்டை விரல் அகலம்தான். நேராக முகத்தில் அடித்த வெளிச்சம் மூக்கின் நிழலையும் கன்னத்துக் குழியையும் துடைத்துவிட்டிருக்கும். முகத்துக்கு வடிவம் தருவதே நிழல்தான். அது இல்லாத படத்தைப் பார்த்து, பழகத் தொடங்கியவன் எதைப் பிடித்துக்கொண்டு வரைவான்?

வேறு படம் இல்லாததற்கு அவர்கள் காரணம் இல்லை. 1948இன் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் இந்த மலைகளில் உழைத்தவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. இடையில் குடியுரிமை கிடைக்காமல் எஞ்சியவர்களுக்கும் அதைத் தரும் சட்டம் 2003இல்தான் வந்தது. அட்டைக்கென்று முதன்முதலாக ஸ்டூடியோவில் போய் உட்கார்ந்தபோது பலர் கிழவனும் கிழவியும் ஆகிவிட்டார்கள். அவர்களுடைய இளவயது முகம் எங்கேயும் பதிவாகவில்லை.

இதை நினைக்கும்போதெல்லாம் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் மீது எனக்குக் கோபமும் வருகிறது, நன்றியும் வருகிறது. கவிஞர் டென்னிசனையும் விஞ்ஞானி டார்வினையும் படம் பிடித்த அந்த அம்மாள் 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்தார். கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. அந்த அம்மாள் இங்கே வேலை செய்த தமிழ்ப் பெண்களையும் நிறுத்திப் படம் எடுத்தார். 1879இல் டிக்கோயாப் பக்கம் இறந்து, பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கமானார். அவர் எடுத்த படங்களில் பல பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்தவை. வரையப் பழகுகிறவனுக்குப் பெரிய பாடம். ஆனால் டென்னிசன் படத்தின் கீழ் டென்னிசன் என்று பெயர் இருக்கிறது. எங்கள் பெண்களில் பெரும்பாலோருக்குப் பெயரே இல்லை.

சரி, நாமே வரையலாம் என்றால் சொல்லித்தர ஆள் இல்லை. நான் படித்த பாடசாலையில் சித்திரப் பாடவேளைக்குக் கணக்கு ஆசிரியர் வந்து கணக்குச் செய்வித்தார். சித்திரத்தைப் பட்டப்படிப்பாகப் படிக்க யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கொழும்பு என்று போக வேண்டும். அதற்கு உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு வேண்டும். வேலைக்குப் போய்க்கொண்டே மாலையில் படிக்க எங்கள் டவுனான வெலிமடையில் கணக்குக்கும் இங்கிலீசுக்கும் டியூஷன் இருக்கிறது, சித்திரத்துக்கு இல்லை. முக ஓவியத்துக்கே பெயர் பெற்ற ஹாரி பீரிஸின் வீடு கொழும்பு பார்னஸ் பிளேசில் சபுமல் நிறுவனத்தின் கலைக்கூடமாக இருக்கிறது. நல்ல முக ஓவியங்களை நேரில் பார்க்கலாம். ஆனால் பஸ்ஸில் ஐந்தாறு மணி நேரம், போய்வரக் காசு, ஒரு நாள் சம்பளமும் போய்விடும். 2024இல் தோட்டத்து நாள் சம்பளம் 1,350 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். அப்படியான சம்பளத்தில் வாழ்கிற வீட்டுப் பிள்ளை எத்தனை தடவை போவான்?

அதனால் போனில் வீடியோ பார்த்துத்தான் படிக்கிறேன். கண்கள் தலையின் உச்சிக்கும் நாடிக்கும் சரிபாதியில் இருக்கின்றன, பழகுகிறவர்கள் எல்லாரும் அவற்றை மேலே தூக்கி வைத்து நெற்றியைக் குறுக்கிவிடுகிறார்கள், முகத்தின் அகலம் ஏறக்குறைய ஐந்து கண் அகலம் என்பதெல்லாம் அப்படிக் கிடைத்த அறிவுதான். உண்மையிலேயே உதவுகிறது. நிழல் போடும் இடத்தில்தான் அந்த வீடியோக்காரர்கள் கைவிட்டுவிடுகிறார்கள். அவர்கள் கடதாசியின் வெள்ளையையே தோலாக விட்டுவிட்டு, மூக்கடியிலும் கழுத்திலும் கொஞ்சம் கறுப்பு ஏற்றுகிறார்கள். எங்கள் அப்பாயியின் முகத்தை அப்படி வரைந்தால் அது அப்பாயி இல்லை. வெயிலில் கறுத்த தோலுக்கு முதலில் முகம் முழுக்க ஒரு நடுத்தரக் கருமை பூச வேண்டும். பிறகு நெற்றி மேட்டிலும் கன்ன எலும்பிலும் அழிறப்பரால் ஒற்றி வெளிச்சத்தை எடுக்க வேண்டும். மேட்டில் விழும் வெளிச்சம் எங்கள் முகத்தில் வெள்ளைத் தோலைவிட அழுத்தமாகத் தெரியும். கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து வந்த ஓவியர் இளையராஜா, தமிழ்க் கிராமத்துப் பெண்களின் கறுத்த முகத்தில் சன்னல் வெளிச்சம் விழுவதை எப்படித் தீட்டினார் என்று பாருங்கள். 2021இல் கொரோனா அவரைக் கொண்டுபோய்விட்டது.

அந்தக் கருமை எச்பி பென்சிலில் வராது. எவ்வளவு அழுத்தினாலும் பளபளக்கும், கறுக்காது. 4பி, 6பி வேண்டும். டவுனில் கேட்டால் எச்பி தருகிறார்கள், மிஞ்சினால் 2பி. உலகத்திலேயே மிகச் சுத்தமான பென்சில் காரீயம் (கிராஃபைட்) போகலையிலும் கஹட்டகஹவிலும் நம் நாட்டுச் சுரங்கங்களில்தான் கிடைக்கிறது. காரீயத்தோடு களிமண்ணைக் கலந்து சுட்டு, கடினத்தையும் மென்மையையும் கூட்டிக் குறைக்கும் முறையை பிரான்சில் கொன்டே 1795இலேயே கண்டுபிடித்துவிட்டார். காரீயம் விளைகிற நாட்டில் ஒரு 6பி பென்சிலுக்கு நான் பதுளைக்குப் பஸ் ஏற வேண்டியிருப்பது என்ன நியாயம்?

பார்த்து வரைய எதிரில் உட்கார ஆளும் வேண்டும். கிழமை நாளில் கொழுந்து, ஞாயிற்றுக்கிழமை விறகும் துணி துவைப்பும். "இந்த மூஞ்சியப் போய் வரையிறியாக்கும்" என்று அப்பாயி எழுந்து போய்விடுகிறார். அந்தச் சொல்தான் எனக்கு எல்லாவற்றையும்விட வலிக்கிறது. தேயிலைப் பெட்டியில் சிரிக்கிற மெருகேற்றிய முகம்தான் கொழுந்தெடுக்கிற பெண்ணின் முகம் என்று அவரையும் நம்ப வைத்திருக்கிறார்கள்.

ஊவா மாகாணத்தில் இருக்கிற சித்திர ஆசிரியர்களே, மாதத்தில் ஒரு ஞாயிறு வெலிமடைக்கு வாருங்கள். வயது பார்க்காமல் வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். பிரதேச சபை ஒரு மண்டபத்தை அதற்குத் திறந்துவிடட்டும். வீட்டில் பெரியவர்கள் உள்ளவர்களே, அவர்களை இன்றைக்கே கதவோரம் உட்காரவைத்து, ஒரு பக்கத்திலிருந்து வெளிச்சம் விழும்படி ஒரு படம் எடுத்து வையுங்கள். அதன் பின்னால் அவர்களுடைய பெயரையும் தோட்டத்தின் பெயரையும் மறக்காமல் எழுதுங்கள்.