நாய்தானே?

எங்கட மணியை நாங்கள் விட்டது ஒரு வாடகை வீட்டுக்காக. “நாய் கொண்டுவரக்கூடாது” எண்டார் வீட்டுக்காரர். வேற வீடு தேடப் பொறுமை இல்லாமல், தெரிஞ்ச ஐயா ஒருவரின் தோட்டத்தில் கொண்டுபோய் விட்டோம். ஓட்டோ திரும்பும்வரை வாலை ஆட்டிக்கொண்டு நிண்டது. பிறகு போய்ப் பார்க்க எங்களுக்கு முகமில்லை.

“நாய்தானே, பழகிடும்” என்று எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். அம்மம்மா மட்டும் ஒண்டும் சொல்லவில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிடேக்க, நாயின் சங்கிலியை அவிழ்த்து, சட்டியில் சோறு வைத்துவிட்டு நடந்தவ அவ. அடுத்த வருசம் திரும்பி வந்தபோது சட்டி மட்டும் கிடந்ததாம்.

அந்தக் கதையைச் சொல்லி நாங்கள் தப்ப முடியாது. அவர்களைத் துரத்தியது ஷெல். எங்களிடம் இருந்தது ஒரு வாடகை ஒப்பந்தம். அதில் கையெழுத்து வைக்கேக்க நாங்களும் “நாய்தானே” எண்டுதான் நினைச்சோம்.

இதே நினைப்பில்தான் பெட்டைக்குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சந்தையடியிலும் கோயிலடியிலும் விடுகிறோம். பிறகு கட்டாக்காலி நாய்த் தொல்லை என்று பிரதேச சபையைத் திட்டுகிறோம்.

குட்டியைத் தூக்க முதல் வீட்டில் எல்லாரும் இருந்து கதைப்போம்: விசர்நாய்த் தடுப்பூசி ஆர் போடுவிக்கிறது? கருத்தடை எப்ப? வீடு மாறினால் நாய் எங்க? பதில் இல்லையெண்டால் தூக்க வேண்டாம்.

மணியிடம் இதையெல்லாம் சொல்ல ஏலாது. அடுத்த குட்டியைக் கேட்கிற உங்களிடம் சொல்லலாம்.