சுவருக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர்

ஜூலை பிறந்து மும்பையில் ஏதாவதொரு மலைச்சரிவு விழுந்தால் போதும், அதே பேச்சு கிளம்பிவிடுகிறது: பேய்மழை பெய்தது, அத்துமீறிக் குடியேறியவர்கள் செத்தார்கள். 2021 ஜூலை 18 அதிகாலை, அணுசக்தி நகருக்குப் பக்கத்தில் மாகுல் பாரத் நகரில் சுற்றுச்சுவர் இடிந்து 19 பேர் மாண்டபோதும் இதையேதான் சொன்னார்கள். எனக்கு இதைக் கேட்கப் பொறுக்கவில்லை.

மழையா? அன்றிரவு மாகுலை உள்ளடக்கிய செம்பூர் முழுக்கத்தான் கொட்டியது. எல்லாச் சுவரும் விழுந்துவிடவில்லை.

குடிசைகளா? அவை சுவருக்குக் கீழே இருந்தன. தள்ளியது மேலேயிருந்து வந்தது.

மண் ஊறிக் கனத்ததால் சரிந்தது என்று படித்தவர்களும் சொல்கிறார்கள். இதுதான் பெரிய தவறு. மண்துகள்கள் ஒன்றையொன்று அழுத்தி உராய்வதால்தான் சரிவு நிற்கிறது. இடைவெளிகளில் நீர் நிரம்பி அழுத்தம் ஏறினால் துகள்களின் பிடி தளர்கிறது. 3 மீட்டர் உயரச் சுவரை, பின்னாலுள்ள உலர்ந்த மண் மீட்டர் நீளத்துக்குச் சுமார் இரண்டரை டன் விசையோடு தள்ளும். அதே மண்ணில் உச்சிவரை தண்ணீர் தேங்கினால் அது ஐந்து டன்னைத் தாண்டும். நீர் வடிவதற்காகச் சுவரில் விட்ட துளைகள் அடைபட்டிருந்தால் அந்தத் தண்ணீருக்கு வேறு வழியே கிடையாது.

நெய்வேலிச் சுரங்கத்தில் இது பாலபாடம். பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இரவுபகலாக இறைத்தபடிதான் அங்கே வெட்டுகிறார்கள். இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பொங்கி எழும். ஆஸ்திரேலியாவின் யாலோர்ன் திறந்தவெளிச் சுரங்கத்தில் 2007 நவம்பரில் பக்கச்சரிவின் ஒரு பகுதி நழுவி, லாட்ரோப் ஆறு உள்ளே பாய்ந்தது. நிலக்கரியின் வெடிப்புகளிலும் அதன் அடியிலும் இருந்த நீரழுத்தமே காரணம் என்று விசாரணை சொன்னது. அந்தச் சரிவில் அத்துமீறிக் குடியேறியவர் எவரும் இல்லை. பழியை அங்கே யார்மேல் போடுவது?

சுரங்கத்தில் சரிவுக்குள் குழாய் இறக்கி நீர்மட்டத்தை அளக்கிறார்கள். மட்டம் ஏறினால் துளைபோட்டு வடிக்கிறார்கள். மும்பையில் மழைக்கு முன் மலையோர வீடுகளுக்கு வெளியேறச் சொல்லி நோட்டீஸ் வருகிறது. நோட்டீஸ் கொண்டுவரும் ஆட்களோடு, சுவரின் துளைகளைக் குத்தி அடைப்பெடுக்கவும் மேலிருந்து இறங்கும் நீரை மழைநீர்க் கால்வாய்க்குத் திருப்பவும் நாலு பேரை அனுப்புங்கள்.