நடை மட்டும் போதுமா?

திருப்பதியிலும் சித்தூரிலும் வேலை பார்க்கும் நம்மவர்களில் பலருக்குத் தேகப் பயிற்சி என்றால் அது நடைதான். லீவு நாளில் அலிபிரி வழியே மலை ஏறுகிறவர்கள் உண்டு. சுமார் 9 கிலோ மீட்டர், 3,550 படிகள். அவசரக்காரர்கள் ஸ்ரீவாரி மெட்டு வழியே 2,388 படிகளில் ஏறி முடித்துவிடுகிறார்கள். காலுக்கும் இருதயத்துக்கும் நல்ல பயிற்சி என்பதில் ஐயமில்லை.

ஆனால் படி ஏறும்போது தோளும் முதுகும் கைகளும் என்ன செய்கின்றன? சும்மா கூட வருகின்றன. ஆபீசில் நாள் முழுவதும் மேஜைமேல் குனிந்து கிடப்பவையும் அவைதான். மாலையில் கழுத்துக்குத் தைலம் தேடும் குமாஸ்தாக்கள் எத்தனை பேர் என்பது வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடல் உழைப்பு, அதோடு இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் 2020ல் கூறியது. முதல் பாதியைப் பிடித்துக்கொண்டோம், இரண்டாவதை விட்டுவிட்டோம்.

சோம்பல் மட்டுமே காரணமல்ல. ஜிம்முக்கு மாதச் சந்தா கட்ட வேண்டும். ஷிப்ட் டூட்டிக்காரருக்கு நேரம் ஒத்துவராது. ஒற்றை அறைக் குடித்தனத்தில் இரும்புக் குண்டுகளுக்கு இடமேது? இவர்களுக்கு ஏற்றது 'ரெசிஸ்டன்ஸ் பேண்ட்' எனப்படும் ரப்பர் பட்டை. சில நூறு ரூபாய்தான். மடித்தால் டிபன் பைக்குள் அடங்கும்.

"அது கை கால் முறிந்தவர்களுக்கு ஆஸ்பத்திரியில் கொடுப்பதல்லவா?" என்பார்கள். அங்கும் கொடுக்கிறார்கள். ஆனால் 1904-05ல் இந்தியாவில் காட்சிகள் நடத்திய யூஜின் சாண்டோவே, ரப்பர் கயிற்றை இழுத்துப் பழகும் கருவியைத் தம் பெயரில் விற்றவர்தான். அவர் பெயர்தான் சின்னப்பா தேவருக்கு அடைமொழியாயிற்று. நம் கையில்லாத பனியனுக்கும் ஒட்டிக்கொண்டது!

இரும்பின் எடை மாறாது. ரப்பரோ இழுக்க இழுக்க இறுகும். நன்றாக இழுத்த நிலையில் ஒரு நொடி நிறுத்தி, மெல்ல விடவேண்டும். வெடுக்கென்று விட்டால் பாதிப் பலன் போய்விடும். இரண்டு முறைப் பயிற்சிகளையும் ஒப்பிட்ட ஆய்வுகளை 2019ல் தொகுத்துப் பார்த்தபோது, ரப்பராலும் இரும்பாலும் கிடைத்த பலம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. பயில்வான் ஆக வேண்டுமென்றால் இரும்பு தேவைதான். நமக்கு வேண்டியது முதுகு நிமிர்வது.

சன்னல் கம்பியில் பட்டையை மாட்டி, இரு முனைகளையும் விலாவை நோக்கி இழுக்கலாம். மார்புக்கு நேரே பிடித்து இருபுறமும் விரிக்கலாம். காலால் மிதித்துக்கொண்டு முழங்கையை மடக்கித் தூக்கலாம். ஒவ்வொன்றும் 10 முதல் 15 தடவை, இரண்டு சுற்று; வாரத்தில் இரண்டு நாள், இடையே ஓய்வு விட்டு. நடையை நிறுத்தவேண்டியதில்லை. மாங்காய் மண்டியில் மூட்டை தூக்குகிறவருக்கு இவ்வளவு தேவையில்லை. லேசான பட்டையை விரிக்கும் பயிற்சியே போதும்.

பழைய சைக்கிள் டியூப் போதாதா என்றால், போதும். ஆனால் வெடிப்பு இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அறுந்து கண்ணில் அடித்தால் வினைதான். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் மூச்சை அடக்கி இழுக்கக்கூடாது. தோள் வலி இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்கட்டும்.

ஊழியர் மன்றங்களுக்கு ஒரு வார்த்தை. கேரம் பலகைக்கும் இறகுப் பந்துக்கும் ஆண்டுதோறும் பணம் ஒதுக்குகிறீர்கள். மூன்று பலத்தில் பத்துப் பட்டைகள் வாங்கிச் சுவரில் நாலு உறுதியான கொக்கிகள் அடித்துவைத்தால் என்ன குறைந்துவிடும்? இரவு டூட்டி முடித்து வருகிறவரும் கால் மணி நேரம் இழுத்துவிட்டு வீட்டுக்குப் போவார். அடுத்த பொதுக்குழுவில் யாராவது இதை எழுப்பட்டும்.